விதைக்க முடியாமல் போன நிலத்தில் மானுக்கும் பறவைக்கும் இரைப்பயிர்: காப்பீட்டுக்குப் பங்கம் வராமல் செய்யும் முறை

மே மாதம் முழுக்க மழை. வயலில் டிராக்டரை இறக்கினால் அச்சு வரை புதைகிறது. ஜூன் பிறந்த பிறகும் மக்காச்சோளம் ஊன்றியபாடில்லை. அமெரிக்காவின் அயோவா, இல்லினாய், ஒகாயோ, தெற்கு டகோட்டா பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய துயரம். 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் 1.94 கோடி ஏக்கருக்கு மேல் இப்படி விதைப்பு இல்லாமல் கிடந்தது. தெற்கு டகோட்டாவில் மட்டும் அது 40 லட்சம் ஏக்கரை நெருங்கியது.

இப்படிப்பட்ட நிலத்துக்குப் பயிர்க் காப்பீட்டில் தனி ஏற்பாடு உண்டு. ‘பிரிவென்டட் பிளான்டிங்’ என்று பெயர். ஊரில் எல்லோரும் சுருக்கமாக ‘பிரிவென்ட் பிளான்ட்’ என்பார்கள். மழையாலோ வெள்ளத்தாலோ உரிய நாளுக்குள் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு கைக்கு வரும். நிலம் மட்டும் அந்த ஆண்டு வெறுமனே கிடக்கும். அதில் மான், ஃபெசன்ட் கோழி, புறா, வாத்து ஆகியவற்றுக்கு இரைப்பயிர் விதைக்கலாமா என்பது புதிதாக நிலம் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி. விதைக்கலாம். அந்த நிலம் இந்த ஒரு பருவத்துக்கு மூன்று பேருக்குக் கடன்பட்டிருக்கிறது: காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு, அடுத்த ஆண்டுப் பயிருக்கு, அப்புறம் விலங்குகளுக்கு. இந்த வரிசை மாறினால்தான் சிக்கல் வருகிறது. நான் பார்த்தவரை புதியவர்கள் மானில் ஆரம்பித்துக் காப்பீட்டில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

பாலிசி யார் பெயரில் இருக்கிறது?

நிலம் உங்களுடையதாக இருந்தாலும் ரொக்கக் குத்தகைக்கு விட்டிருந்தால், காப்பீடு பெரும்பாலும் குத்தகைதாரர் பெயரில்தான் இருக்கும். அப்படியானால் நீங்கள் இறைக்கும் ஒரு பை விதை அவருடைய இழப்பீட்டைக் குலைக்கக்கூடும். முதலில் அவரிடம் பேசுங்கள். எந்தத் துண்டில் என்ன விதைக்கப் போகிறோம், யார் எப்போது அழிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். பங்குக் குத்தகை என்றால் இருவரிடமும் தனித்தனி பாலிசி இருக்கலாம். அப்போது இரண்டு ஏஜென்ட்களிடமும் சொல்ல வேண்டும்.

தேதிகள்

ஒவ்வொரு பயிருக்கும் கடைசி விதைப்பு நாள் என்று ஒன்று உண்டு. அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அயோவாவில் மக்காச்சோளத்துக்கு மே 31, சோயாவுக்கு ஜூன் 15. அதற்குப் பிறகு தாமத விதைப்புக் காலம் தொடங்குகிறது. மக்காச்சோளத்துக்கு 20 நாள், சோயாவுக்கு 25 நாள். அந்த நாட்களில் விதைத்தால் காப்பீடு நாளுக்கு 1 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

விதைக்கப் போவதில்லை என்று முடிவானால் கடைசி விதைப்பு நாளிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஏஜென்டுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். தாமதக் காலத்திலும் முயன்று பார்த்துக் கைவிட்டால், கைவிட்ட நேரத்திலிருந்து 72 மணி. தொலைபேசியில் சொன்னாலும் பின்னோடு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் உள்ளூர்ப் பண்ணைச் சேவை அலுவலகமான எஃப்எஸ்ஏ-விலும் தனியாக இழப்பு அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அதற்குக் கடைசி விதைப்பு நாளிலிருந்து 15 நாள் அவகாசம். ஏஜென்டிடம் சொன்னால் எஃப்எஸ்ஏ-வுக்கும் போய்ச் சேரும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

நிலம் சிறியதாக இருந்தால் இதையும் பாருங்கள். ஒரு காப்பீட்டு அலகில் (பாலிசியில் ஒன்றாகக் கணக்கிடப்படும் நிலப்பகுதி) குறைந்தது 20 ஏக்கரோ, அந்த அலகின் பயிர்ப்பரப்பில் 20 சதவீதமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவு விதைக்கப்படாமல் இருந்தால்தான் இழப்பீடு உண்டு. வயல் மூலையில் தண்ணீர் நிற்கும் 2 ஏக்கர் பள்ளம் மட்டும் தனியாக இதில் வராது. கடந்த 4 பயிர் ஆண்டுகளில் ஒரு முறையாவது அந்த நிலம் விதைக்கப்பட்டு, காப்பீடு செய்யப்பட்டு, அறுவடையாகியிருக்கவும் வேண்டும்.

இரைப்பயிரை என்னவென்று கணக்கில் எழுதுவது?

எல்லாம் சுற்றி நிற்பது இதில்தான். காப்பீட்டுக் கணக்கில் ‘மான் பயிர்’ என்று ஒன்று கிடையாது. உங்கள் விதைப்பு ஒன்று மூடுபயிர், இல்லையென்றால் விதைக்க முடியாமல் போன பயிருக்குப் பதிலாக அதே நிலத்தில் போடும் இரண்டாம் பயிர்.

மண் அரிப்பைத் தடுக்கவோ மண்ணை வளப்படுத்தவோ, அந்தப் பகுதிக்கு ஏற்றது என்று வேளாண் வல்லுநர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பயிர்தான் மூடுபயிர். ஓட்ஸ், ரை, முள்ளங்கி, டர்னிப், க்ளோவர், பக்வீட், சிறுதானியங்கள் எல்லாம் இந்த ஊர்களில் மூடுபயிர்க் கலவையில் வழக்கமாக வருபவை. நல்ல வேளையாக, விலங்குகள் விரும்பித் தின்பதும் இவற்றைத்தான். மூடுபயிராக விதைத்து அதைத் தானியத்துக்கோ விதைக்கோ அறுவடை செய்யாமல் விட்டால் இழப்பீடு முழுசாக நிற்கும். 2021 வரை மூடுபயிரை நவம்பர் 1-க்கு முன் மேய்க்கவோ புல்லாக வெட்டவோ கூடாது, மீறினால் இழப்பீட்டில் 65 சதவீதம் போய்விடும் என்ற விதி இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே மான் மேய்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம். தானியம் கம்பைன் அறுவடை இயந்திரத்துக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

போனால் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் சராசரி மக்காச்சோள விளைச்சல் ஏக்கருக்கு 180 புஷல், காப்பீடு 75 சதவீதம், அந்த ஆண்டின் காப்பீட்டு விலை புஷலுக்கு 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கான உத்தரவாதம் 540 டாலர். மக்காச்சோளத்தில் விதைக்க முடியாத நிலத்துக்கு அதில் 55 சதவீதம், அதாவது 297 டாலர். சோயாவுக்கு அந்த விகிதம் 60 சதவீதம். தாமதக் காலம் முடிந்த பிறகு அதே நிலத்தில் இரண்டாம் பயிர் போட்டால் கைக்கு வருவது 297-இல் 35 சதவீதம்தான், சுமார் 104 டாலர். பாதிப்பு அதோடு நிற்காது. உங்கள் விளைச்சல் பதிவேட்டில் அந்த ஆண்டுக்கு 60 சதவீத விளைச்சல்தான் ஏறும், வரும் ஆண்டுகளின் உத்தரவாதமும் சேர்ந்து இறங்கும். தாமதக் காலத்துக்குள்ளேயே இரண்டாம் பயிர் போட்டுவிட்டால் இழப்பீடே இல்லை.

அதனால்தான் தாமதக் காலம் முடியும் வரை எதையும் விதைக்காதீர்கள் என்கிறேன். மூடுபயிரை அதற்கு முன்பே போடலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அயோவா கணக்கில் மக்காச்சோள நிலத்துக்கு ஜூன் 20-ம் சோயா நிலத்துக்கு ஜூலை 10-ம் கடந்துவிட்டால், ‘இது என்ன பயிர்’ என்ற கேள்விக்கே இடம் குறைவு. காத்திருப்பதால் இழப்பும் பெரிதாக இல்லை. மானுக்கு நல்ல இரையாகும் டர்னிப்பும் முள்ளங்கியும் ஜூலைக் கடைசியில் போட வேண்டியவைதான்.

விதை வாங்கும் முன் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்த வயல், எத்தனை ஏக்கர், கலவையில் என்னென்ன, எந்தத் தேதியில் விதைப்பு, அறுவடை கிடையாது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். ‘வனவிலங்கு இரைக்காக விடப்படும் மூடுபயிர்’ என்றே வெளிப்படையாக எழுதுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பையைப் பிரியுங்கள். சோயா, மக்காச்சோளம் போன்ற காப்பீட்டுப் பயிரையே இரைக்காகப் போட நினைத்தால் இந்தப் பதில் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். களஞ்சியத்தில் மீந்த சோயாவை விதையாக இறைப்பதும் வேண்டாம். அது காப்புரிமை உள்ள ரகமாக இருந்தால் சட்டச் சிக்கல். தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்த இந்தியானா விவசாயி ஒருவருக்கு எதிராக 2013-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

எங்கள் முதல் முயற்சி இங்கேதான் வீணாயிற்று. ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தபோது களைக்கொல்லி தெளித்து மக்காச்சோளத்துக்கு நிலத்தைத் தயார் செய்திருந்தார்கள். பிறகுதான் மழை பிடித்தது. ஜூலைக் கடைசியில் டர்னிப் இறைத்தோம். நன்றாக முளைத்தது. இரண்டாம் வாரம் இலை ஓரம் மஞ்சளாகி, அப்படியே கருகிப் படுத்துவிட்டது. தெளித்த அட்ரசின் களைக்கொல்லி மண்ணில் தங்கியிருந்தது. அகன்ற இலைப் பயிர்கள் அதைத் தாங்குவதில்லை.

ஆகவே அந்த வசந்தத்திலும் முந்தைய ஆண்டிலும் தெளித்த மருந்துகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு லேபிளிலும் அடுத்த பயிருக்கு எத்தனை மாதம் இடைவெளி என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். வயலில் நாலைந்து இடத்தில் மேல்மண் எடுத்து ஒரு தொட்டியில் போடுங்கள். மருந்தே படாத வேலியோர மண்ணை இன்னொரு தொட்டியில் போடுங்கள். இரண்டிலும் முள்ளங்கியும் ஓட்ஸும் விதைத்து மூன்று வாரம் பாருங்கள். வயல் மண்ணில் முள்ளங்கி வாடி ஓட்ஸ் மட்டும் நின்றால், அந்த ஆண்டு ஓட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிலம் இறங்கும் பதம்

ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் இறங்கலாம். நாடா மாதிரி நீண்டு வந்தால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஏற்றிய சக்கரத்தின் இறுக்கம் இரண்டு மூன்று விளைச்சலில் தெரியும்.

காத்திருக்கும் அந்த வாரங்களில் களை மண்டும். இந்தப் பக்கத்தின் பெரிய எதிரி வாட்டர்ஹெம்ப் என்ற கீரை இனக் களை. அது விதை கட்டும் முன் அழித்தாக வேண்டும். ஆனால் ஃபெசன்ட் கோழிகள் மே தொடங்கி ஜூலை வரை தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். உழுவதையும் வெட்டுவதையும் இரைப்பாத்திக்குத் தேவையான துண்டோடு நிறுத்துங்கள். புல்லோரமும் வாய்க்கால் கரையும் ஆகஸ்ட் 1 வரை அப்படியே இருக்கட்டும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று அந்த ஆண்டு வடிகால் வெட்டவும் கிளம்பிவிடாதீர்கள். 1985 முதல் அமலில் இருக்கும் ஈரநிலச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் ஈரநிலத்தைப் பயிருக்காக வடித்தால் அரசு வேளாண் உதவிகள் கையைவிட்டுப் போகலாம்.

என்ன விதைப்பது?

கடையில் மான் படம் போட்ட அழகான பைகளில் டர்னிப், ரேப், முள்ளங்கி என்று கடுகுக் குடும்பமாகவே நிறைந்திருக்கும். மானுக்கு அது சரிதான். இரண்டு மூன்று உறைபனி விழுந்தால் இலையில் இனிப்பு ஏறும், நவம்பர் முதல் மொட்டையாகும் வரை வந்து மேயும். ஆனால் அடுத்த ஆண்டு மக்காச்சோளத்துக்கு அது மட்டும் போதாது. மக்காச்சோளத்தின் வேர் மணிச்சத்தை எடுக்க மைக்கோரைசா என்ற பூஞ்சை துணை நிற்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் நிலம் ஓர் ஆண்டு கிடந்தால் அந்தப் பூஞ்சை குறைந்துவிடும், மறு ஆண்டு இளம்பயிர் ஊதா நிறமாகித் தேங்கி நிற்கும். 1993 பெருவெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு மத்திய மேற்கில் பலரும் இதைக் கண்டார்கள். கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராது. பக்வீட்டும் கிட்டத்தட்ட அப்படியே. வெறும் டர்னிப் போட்ட நிலம் பூஞ்சைக்குத் தரிசு மாதிரிதான்.

அதனால் ஓட்ஸை அடிப்படையாக வைத்து மற்றதைச் சேருங்கள். ஏக்கருக்கு ஓட்ஸ் 40 பவுண்டு, க்ரிம்சன் க்ளோவர் 6 பவுண்டு, முள்ளங்கி 2 பவுண்டு, டர்னிப் ஒன்றரைப் பவுண்டு என்பது எங்களுக்குக் கைகொடுத்த கலவை. ஜூலைக் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை விதைக்கலாம். ஓட்ஸை ஓர் அங்குல ஆழத்தில் விதைப்புக் கருவியால் போடுங்கள். சின்ன விதைகளைக் கால் அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. மேலே தூவி உருளை ஓட்டினால் போதும். டர்னிப்பை அதிகமாகப் போட ஆசை வரும். அடர்ந்தால் கிழங்கு திரளாது, மற்ற பயிரையும் மூடிவிடும்.

பறவைகளுக்குத் தானியம் தரும் பயிர் வேண்டும். ஜூலையில் விதைக்கும் மக்காச்சோளமும் பெருஞ்சோளமும் இந்த வடக்கில் முற்றுவதற்குள் பனி அடித்துவிடும். நம் சிறுதானியங்களின் இடம் இதுதான். இங்கே ப்ரோசோ மில்லெட் என்று விற்பது நம் பனிவரகு. ஜூலைத் தொடக்கத்தில் போட்டால் செப்டம்பரில் கதிர் முற்றிவிடும். புறாவும் ஃபெசன்டும் விரும்பித் தின்னும். ஜப்பானிய மில்லெட் நம் குதிரைவாலிக்கு நெருங்கிய உறவு. சுமார் 60 நாளில் முற்றும், சேற்றிலும் வளரும். தண்ணீர் வற்றி வரும் பள்ளத்தின் ஓரத்தில் ஏக்கருக்கு 20 பவுண்டு தூவினால் இலையுதிர் காலத்தில் வாத்து இறங்கும். சேலத்திலும் தர்மபுரியிலும் பார்த்து வளர்ந்த கதிரை அயோவாச் சேற்றில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஒரு கவனம் மட்டும் வேண்டும். பனிவரகு உதிர்ந்து அடுத்த ஆண்டு தானாக முளைக்கும். மறு பயிர் சோயா என்றால் புல் களைக்கொல்லியால் அடக்கலாம், மக்காச்சோளம் என்றால் அது கடினம்.

விதைப்பையின் லேபிளைப் படிக்காமல் எந்தக் கலவையையும் வாங்காதீர்கள். 2016-இல் அயோவாவிலும் மின்னசோட்டாவிலும் இயற்கைப் பாதுகாப்புக்காக விதைத்த கலவைகள் வழியாகவே பால்மர் அமரந்த் என்ற கொடும் களை புது வயல்களுக்குள் வந்தது. ஒரே செடி லட்சக்கணக்கில் விதை போடும். எந்த விதை எத்தனை சதவீதம், எங்கே விளைந்தது, களை விதை உண்டா, முளைப்புச் சோதனை என்று நடந்தது, இத்தனையும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லாத பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்பு மருந்து பூசிய மீந்த விதைகளைத் தரையில் தூவவே கூடாது. எந்தப் பறவைக்காக இவ்வளவும் செய்கிறோமோ அதுவே அதைப் பொறுக்கித் தின்று சாகும். ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் அமைப்பின் உள்ளூர்க் கிளைகளில் இரைப்பாத்திக்கான விதை குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கிடைப்பதுண்டு. கேட்டுப் பாருங்கள்.

எங்கே, எவ்வளவு?

மானுக்கு 2 முதல் 5 ஏக்கர் துண்டு, மரக்கூட்டத்துக்கு அருகில். அதைவிடச் சிறிதானால் வேர் பிடிக்கும் முன்பே தின்று தீர்த்துவிடும். ஃபெசன்டுக்குப் பனிப்புயலில் ஒதுங்க இடம்தான் முதல் தேவை. சம்புப் புல் மண்டிய பள்ளம் பக்கத்தில் இருந்தால் அதன் ஓரமாகவே பாத்தியை வையுங்கள். திறந்த வெளியில் வைத்த சின்னப் பாத்தியைப் பனி மூடிவிடும். நெடுஞ்சாலையை ஒட்டி எதுவும் வேண்டாம். அந்தியில் மான் சாலையைக் கடக்கும், காரில் வருபவரின் உயிரும் அதில் இருக்கிறது. மீதி நிலத்துக்கு வெறும் ஓட்ஸ் போதும்.

மான்கள் நெருங்கிக் கூடும் இடத்தில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் எச்சில் வழியாகப் பரவும். விஸ்கான்சினில் 2002-இலும் அயோவாவின் காட்டு மான்களில் 2013-இலும் அது கண்டறியப்பட்டது. ஒரே சின்ன இடத்தில் குவிக்காமல் பாத்தியை நீளவாக்கில் பரப்புங்கள். உப்புக்கட்டியும் தானியக் குவியலும் வைக்காதீர்கள்.

வேட்டைக்கு யாராவது வந்தால்

புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசின் விதி தனி. நிற்கும் பனிவரகை வெட்டிச் சாய்த்து அதன் மேல் புறா சுடுவது குற்றமில்லை. அறுவடையாகாத அதே பயிரைச் சாய்த்துவிட்டு வாத்து சுட்டால் அது தூண்டில் இரை போட்டு வேட்டையாடிய குற்றம். இரையை முழுசாக அகற்றிய பிறகும் 10 நாள் அந்த இடம் இரை போட்ட இடமாகவே கணக்கில் இருக்கும். பயிரை நிற்க விட்டுத் தண்ணீர் ஏற்றினால் வாத்துக்கும் தடையில்லை. ஆகவே செப்டம்பருக்குப் பிறகு அறுக்கும் இயந்திரத்தை உள்ளே விடும் முன் எந்தப் பறவைக்காக என்று யோசியுங்கள்.

பதிவும் முடிவும்

விதைப்பு அன்றும், முளைத்த பிறகும், நவம்பரிலும் தேதியோடு படம் எடுங்கள். விதை ரசீது, லேபிள், ஏஜென்டின் பதில், எஃப்எஸ்ஏ வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். சரிபார்க்க ஆள் வந்தால் அதை நீட்டினால் போதும். ஜூலை 15-க்குள் கொடுக்கும் பரப்பளவு அறிக்கையில் அந்த நிலம் விதைக்க முடியாமல் போனதாக இருக்க வேண்டும். மூடுபயிர் விதைத்ததும் எஃப்எஸ்ஏ-வில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

ஓட்ஸும் முள்ளங்கியும் டர்னிப்பும் குளிரில் தாமே செத்துவிடும். முள்ளங்கி அழுகும் மார்ச் நாட்களில் கேஸ் கசிந்தது போல நாறும், பயப்பட வேண்டாம். மண் அரிக்கும் சரிவு என்றால் செப்டம்பரில் ஒரு மழைக்கு முன் ஏக்கருக்கு 50 பவுண்டு ரை மேலே தூவி விடலாம். பனி உருகியதும் முதலில் பச்சையாவது அதுதான், பசித்த மான் அங்கேதான் வரும். ஆனால் ரை தானாகச் சாகாது. மறு பயிர் மக்காச்சோளம் என்றால் விதைப்புக்கு 10 முதல் 14 நாள் முன்னதாகவே அழித்துவிட வேண்டும். சோயா என்றால் அவ்வளவு அவசரமில்லை. அழித்த தேதியையும் அதே கோப்பில் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டுக் காப்பீட்டுக்கு அதுவும் தேவைப்படலாம்.